பெயரோடு ஆண்டையும் கேளுங்கள்: பழைய பௌரைடர் படகு வாங்கும் முறை

நான் முதன்முதலில் வாங்கிய படகின் தரையில் புதுக் கம்பளம் போட்டிருந்தார்கள். ஒக்டோபர் மாதம், நல்ல வெயில், விற்றவரும் நல்ல மனிதர். "பெயர் பெற்ற கம்பனி" என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே காசை எண்ணிக் கொடுத்தேன். அடுத்த ஜூன் மாதம் சிம்கோ ஏரியில், சாரதி இருக்கைக்குப் பின்னால் நின்ற மச்சானின் கால் கணுக்கால்வரை தரைக்குள் போய்விட்டது. கம்பளத்தைக் கிழித்துப் பார்த்தால், அடியில் இருந்த பலகை துருவிய தேங்காய்போலக் கையோடு வந்தது. கம்பனியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பிழை அவர்களுடையது என்று சொல்லவும் முடியாது. பல குளிர்காலம் ஒழுங்காக மூடாமல் வெளியே நின்ற படகு அது. பெயரைக் கேட்டதோடு திருப்தியடைந்து, குனிந்து பார்க்காமல் விட்டது நான்தான்.

இரண்டாவது படகை வாங்க ஒரு வருடம் எடுத்துக்கொண்டேன். கனடாவின் ஒன்ராறியோவில் பதினாலு பதினைந்து வீட்டு முற்றங்களில் ஏறி இறங்கியதில் படித்ததை, புதிதாக இறங்குவோருக்காக வரிசையாக எழுதுகிறேன்.

பௌரைடர் என்பது முன்பக்கத்திலும் உட்கார இருக்கை வைத்த திறந்த படகு. நம் கரையோர மக்கள் அணியம் என்று சொல்லும் அந்த முன்மூக்கில் இரண்டு மூன்று பேர் காற்றை வாங்கிக்கொண்டு போகலாம். அமரத்தில், அதாவது பின்பக்கத்தில், எஞ்சின். நடுவில் கண்ணாடித் தடுப்பு, அதன் பின்னால் சாரதி. பிள்ளைகளைக் காற்றடைத்த ரியூபில் ஏற்றிக் கட்டி இழுக்க, குளிக்க, மாலையில் சும்மா சுற்றிவர இதைவிட வசதியான படகு வட அமெரிக்க ஏரிகளில் இல்லை. பழைய படகுச் சந்தையில் அதிகமாகக் கிடைப்பதும் இதுதான்.

1. எந்த ஏரி, எந்த வாகனம்

படகைத் தேடுமுன் இந்த இரண்டுக்கும் விடை வேண்டும். ஸ்கூகொக், ரைஸ் போன்ற ஆழம் குறைந்த சிறிய ஏரிகளுக்கு 17, 18 அடி போதும். சிம்கோ அப்படியில்லை. காலையில் கண்ணாடிபோல இருக்கும், மதியம் காற்று எழும்பினால் படகைத் தூக்கித் தூக்கிப் போடும். அங்கே 19 முதல் 21 அடிவரை பாருங்கள். ஜோர்ஜியன் குடா என்றால் அதற்கும் மேல்.

வாகனம்தான் பலர் மறப்பது. எங்கள் ஆட்களில் பாதிப் பேரிடம் ரொயோட்டா சியென்னா நிற்கிறது. அது இழுக்கும் எல்லை 3,500 இறாத்தல். 19 அடிப் படகு, எஞ்சின், பெற்றோல், ட்ரெய்லர் எல்லாம் சேர்ந்தால் அந்த எல்லையைச் சுலபமாகத் தொட்டுவிடும். கோபால்ட் போன்ற கனமான படகு என்றால் தாண்டியே விடும். 5,000 இறாத்தல் இழுக்கும் வாகனம் இல்லையென்றால் 18 அடிக்கு மேல் ஆசைப்படாதீர்கள். அல்லது படகைக் கோடை முழுவதும் மெரினாவிலேயே விடுங்கள், அதற்குத் தனிச் செலவு.

2. பெயர்களும் அவற்றின் கதையும்

முதலில் ஒரு வேடிக்கை. இந்தப் பெரிய பெயர்களில் பல கடலே இல்லாத ஊர்களில் இருந்து வருபவை. கோபால்ட் கான்சாஸ் மாநிலத்தின் நியோடெஷா என்ற சின்ன ஊரில் செய்யப்படுகிறது. போர்முலா இந்தியானாவின் டிகேட்டரில். கிரவுன்லைன் இல்லினோயின் வெஸ்ட் பிராங்போர்ட்டில். சபரல் நாஷ்வில்லில் செய்யப்படுகிறது, ஆனால் பாட்டுக்குப் பேர்போன டெனசி நாஷ்வில் அல்ல, ஜோர்ஜியாவில் உள்ள குட்டி நாஷ்வில்.

சந்தையில் பொதுவாக மூன்று தட்டு சொல்வார்கள். மேல் தட்டில் கோபால்ட், போர்முலா. நடுத்தட்டில் சீ ரே, ரீகல், சபரல், போர் வின்ஸ், மொன்ரெரே, கிரவுன்லைன். கீழே, விலை குறைந்த பக்கத்தில், பேலைனர், ராஹோ, கிளாஸ்ட்ரோன், ஸ்டிங்ரே, மாக்சம். இது தப்பான பட்டியல் அல்ல. ஆனால் இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் என்னைப்போல ஏமாறலாம். படகுக் கம்பனிகள் கைமாறிக்கொண்டே இருப்பவை. அமரத்தில் ஒட்டியிருக்கும் பெயர் ஒன்றேதான், அதைச் செய்த ஆட்களும் முறையும் ஆண்டுக்கு ஆண்டு வேறு.

போர் வின்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சிகனின் கடிலாக் நகரில் பிறந்த படகு. 1980களின் கடைசியில் அதன் சொந்தக்காரர் ஓஎம்சி. ஜோன்சன், எவின்ரூட் எஞ்சின்களைச் செய்த அதே நிறுவனம். அதனால் அந்தக் காலத்துப் போர் வின்ஸ் பலவற்றில் ஓஎம்சியின் கோப்ரா டிரைவ் இருக்கும். டிரைவ் என்பது எஞ்சினின் சக்தியைப் புரொபெல்லருக்குக் கொண்டுபோகும், பின்னால் வெளியே தொங்கும் பகுதி. 2000 டிசம்பரில் ஓஎம்சி திவாலானது. படகுப் பிரிவை ஜென்மார் வாங்கியது. 2009 ஜூனில் ஜென்மாரும் திவால் மனு போட்டது. 2014இல் போர் வின்ஸும் கிளாஸ்ட்ரோனும் பிரான்சின் பெனட்டோ குழுமத்துக்குப் போயின. ஆகவே "போர் வின்ஸ் நல்லதா?" என்று கேட்டால் பதில் இல்லை. 1989ஆம் ஆண்டுப் படகா, 2004ஆ, 2017ஆ என்று கேட்டால் பதில் உண்டு. 1989 என்றால் உடலைப் பார்க்குமுன் டிரைவைப் பாருங்கள். கோப்ரா இருந்தால் உதிரிப்பாகம் தேடுவதே ஒரு வேலையாகிவிடும். படகு எவ்வளவு வடிவாக இருந்தாலும் முதல் படகாக அதை வாங்காதீர்கள்.

சீ ரே 1959இல் தொடங்கியது, பேலைனர் 1957இல். இரண்டையும் 1986இல் பிரன்ஸ்விக் என்ற நிறுவனம் வாங்கியது. மெர்குரி எஞ்சினும் அதே வீட்டுப்பிள்ளைதான். ஒரே முதலாளியின் கீழ் சீ ரே நடுத்தட்டுக்கும் பேலைனர் முதல் தடவை வாங்குவோருக்கும் என்று பிரித்து வைத்தார்கள். படகு, எஞ்சின், ட்ரெய்லர் மூன்றையும் ஒரே விலையில் கட்டிக் கொடுத்ததுதான் பேலைனரின் வெற்றி. விலையைக் குறைக்கச் சாமானையும் குறைக்க வேண்டியிருந்தது. அதனால்தான் 80கள், 90களின் பேலைனரைப் பற்றி ஏரிக்கரையில் இன்றும் கிண்டல் கேட்கும். அந்தக் கால அவுட்போர்டு மொடல்கள், அதாவது எஞ்சினை முழுவதும் வெளியே தொங்கவிட்டவை, பலவற்றில் போர்ஸ் என்ற எஞ்சின் வரும். அதைத் தவிர்ப்பது நல்லது. அதற்காக 2012ஆம் ஆண்டுப் பேலைனரை அதே கிண்டலோடு ஒதுக்காதீர்கள். கராஜில் நின்று, ஒவ்வொரு இலையுதிர்காலமும் ஒழுங்காக மூடப்பட்ட பேலைனர், வெளியே கிடந்த கோபால்டைவிட எவ்வளவோ மேல். விலையோ பாதிகூட வராது.

அடிக்கடி கைமாறாத கம்பனிகளும் உண்டு. ரீகல் 1969 முதல் ஓர்லாண்டோவில் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. போர்முலாவை 1976இல் வாங்கிய போர்ட்டர் குடும்பம் பல பத்தாண்டுகள் நடத்தியது. இப்படிப்பட்ட பெயர்களில் ஆண்டுக்கு ஆண்டு வித்தியாசம் குறைவு, பழைய மொடலைப் பற்றிக் கம்பனியில் கேட்டாலும் விவரம் தெரிந்த ஆள் கிடைக்க வாய்ப்பு அதிகம். கோபால்டும் 1968 முதல் நெடுங்காலம் நிறுவியவர் குடும்பத்தோடு இருந்து, 2017இல்தான் மலிபு கம்பனிக்குப் போனது. பழைய கோபால்ட் விலை இறங்காமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கனம், கதவுக் கீல், தையல் எல்லாவற்றிலும் அந்தக் கை தெரியும்.

கியூபெக்கில் செய்த பழைய டோரல் போன்ற கனடியப் பெயர்களும் வரும். உடலைச் செய்த கம்பனி எந்த நிலையில் இருந்தாலும் எஞ்சின் மெர்குரூசரோ வோல்வோ பெண்டாவோ ஆக இருந்தால் ஓட்டத்துக்குக் குறையில்லை. கண்ணாடித் தடுப்பு உடைந்தால்தான் சிக்கல், அதைத் தேடி அலைய வேண்டும்.

3. ஆண்டை உறுதி செய்வது

விற்பவர் சொல்லும் ஆண்டை நம்பவேண்டிய அவசியம் இல்லை. படகின் பின்பலகையில், வலது பக்கம் மேலே, பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி பதித்திருக்கும். அதுதான் ஹல் எண், அதாவது படகின் உடல் எண். முதல் மூன்று எழுத்து கம்பனியின் குறியீடு, சீ ரே என்றால் எஸ்.இ.ஆர். அடுத்த ஐந்து படகின் வரிசை எண். கடைசி நான்கைப் பாருங்கள்: ஓர் எழுத்து செய்த மாதம், ஓர் எண் செய்த ஆண்டின் கடைசி இலக்கம், மிச்சம் இரண்டும் மொடல் ஆண்டு. "04" என்று முடிந்தால் 2004 மொடல். 1984க்குப் பிறகு வந்த படகுகளுக்கு இந்த முறை.

"2006" என்று விளம்பரம் போட்ட ஒரு படகைப் பார்க்கப் போனேன். எண் 03 என்று முடிந்தது. விற்றவர் பொய்காரர் அல்ல. அவர் வாங்கியது 2006இல், அதையே நினைவில் வைத்திருந்தார். மூன்று ஆண்டு வித்தியாசம் என்றால் விலையும் இறங்கவேண்டும் அல்லவா? எண்ணைச் சுரண்டியிருந்தாலோ அந்த இடம் மட்டும் வேறு நிறமாக இருந்தாலோ பேசாமல் வீடு திரும்புங்கள்.

4. கையை உள்ளே விடுங்கள்

கம்பனி எப்படிப்பட்டது என்பதைப் பளபளக்கும் வெளிப்பக்கம் சொல்லாது. இருக்கைக்குக் கீழே உள்ள பெட்டியைத் திறந்து கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். நல்ல கம்பனி யாரும் பார்க்காத அந்த இடத்தையும் வழவழப்பாக்கிப் பூசியிருக்கும். காசு மிச்சம் பிடித்த இடத்தில் ஃபைபர் நார் முள்ளாகக் குத்தும். இருக்கையைக் கழற்றித் திருப்புங்கள். அடிப்பலகை பிளாஸ்டிக்கா, பிளைவுட்டா? பிளைவுட் என்றால் கறுத்திருக்கிறதா, தைத்த ஊசிகள் துருப்பிடித்தனவா?

அப்புறம் ஸ்டியரிங்கின் அடியில் படுத்துக்கொண்டு மேலே பாருங்கள். வயர்கள் கட்டுக்கட்டாக, குழாயில் போட்டு, பெயர் ஒட்டி ஓடினால் நல்ல அறிகுறி. இடியப்பம் மாதிரித் தொங்கினால் பிறகு யாரோ ரேடியோவும் விளக்கும் பூட்டி விளையாடியிருக்கிறார்கள். கயிறு கட்டும் கொளுக்கிகள் உருக்கா பிளாஸ்டிக்கா, அவற்றின் பின்னால் போல்ட்டா வெறும் திருகாணியா என்பதையும் பாருங்கள். பத்து நிமிட வேலை. ஒரே நாளில் நடுத்தட்டுப் படகு ஒன்றையும் கீழ்த்தட்டுப் படகு ஒன்றையும் இப்படிப் பார்த்தால் விலை வித்தியாசம் எங்கே போயிருக்கிறது என்பது தானாகப் பிடிபடும்.

5. தட்டிப் பார்ப்பது

இதை மட்டும் விடாதீர்கள். ஃபைபர் படகு என்றாலும் பழையவற்றின் உள்ளே மரம் உண்டு. அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குச் சட்டங்கள், தரை, எஞ்சினைத் தாங்கும் பின்பலகை எல்லாமே ஃபைபர் போர்த்திய பிளைவுட். பின்பு பல கம்பனிகள் மரத்தை விட்டுவிட்டன, ஆனால் ஆளுக்கொரு ஆண்டில் விட்டன. விற்பவர் "இதில் மரமே இல்லை" என்றால், அந்த மொடல் ஆண்டுக்கு அது உண்மையா என்று கம்பனியின் பழைய கைநூலில் பார்த்துவிடுங்கள். திருகாணித் துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே உள்ள மரம் உளுத்துப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது.

ஒரு சின்னப் பிளாஸ்டிக் சுத்தியல் கொண்டுபோங்கள். இல்லையென்றால் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியே போதும். பின்பலகையில் மேல் மூலையில் தொடங்கி, ஒரு சாண் இடைவெளியில் மெதுவாகத் தட்டிக்கொண்டே கீழே வாருங்கள். நல்ல மரம் "டக் டக்" என்று இறுக்கமாகச் சத்தம் தரும். உளுத்த இடத்தில் "தொப்" என்று அடங்கிப்போகும். சந்தையில் பலாப்பழம் தட்டி வாங்கிய கைக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. டிரைவ் பூட்டியிருக்கும் இடத்தைச் சுற்றியும், ஏணி, தண்ணீர் வடியும் துளை ஆகியவற்றைச் சுற்றியும் கூடுதலாகத் தட்டுங்கள். தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் அங்கேதான்.

அடுத்து, டிரைவின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலே தூக்கி ஆட்டுங்கள். கூட வந்தவர் பின்பலகையையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். பலகை டிரைவோடு சேர்ந்து அசைந்தால் அந்தப் படகு வேண்டாம். பின்பலகையை மாற்றும் செலவு பல பழைய படகுகளின் விலையையே விழுங்கிவிடும்.

தரையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிக்காலால் அழுத்தி அழுத்தி நடந்து பாருங்கள். புதுக் கம்பளம் போட்டிருந்தால் இன்னும் கவனம். இருக்கைக் கால்களின் அடியும் எஞ்சின் பெட்டிக்கு முன்னால் உள்ள இடமும் முக்கியம். ஜெல்கோட் என்ற பளபளப்பான வெளிப்பூச்சில் மயிரிழைக் கோடுகள் இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், கண்ணாடித் தடுப்பின் மூலையில் அவை சகஜம். சிலந்தி வலைபோல ஒரே மையத்திலிருந்து பரவினால் அந்த இடம் எங்கேயோ அடிபட்டிருக்கிறது, உள்ளே என்ன ஆனது என்று பார்க்கவேண்டும்.

6. எஞ்சின்

பழைய பௌரைடர்களில் பெரும்பாலானவை ஸ்டெர்ன்டிரைவ். எஞ்சின் உள்ளே, டிரைவ் வெளியே. மெர்குரூசர் 3.0 லீட்டர் நாலு சிலிண்டர் எளிமையானது, திருத்தச் சுலபம். ஆனால் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு 19 அடிப் படகை எழுப்ப மூச்சு வாங்கும். 4.3 லீட்டர் வி-6 அந்த அளவுக்குச் சரியான பொருத்தம். 21 அடி என்றால் 5.0 அல்லது 5.7 லீட்டர் வி-8.

எங்கள் நாட்டுப் படகுகளின் பெரிய எதிரி குளிர். ஏரித் தண்ணீரையே உறிஞ்சிக் குளிரூட்டும் எஞ்சினில் இலையுதிர்காலத்தில் தண்ணீரை முழுவதும் வடிக்காமல் விட்டால் உறைந்து இரும்பையே பிளந்துவிடும். எஞ்சினின் பக்கவாட்டில் விளக்கடித்துப் பாருங்கள். துருக்கோடு, ஒட்டுப்பசை, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள், பால் விட்ட தேநீர் நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. டிரைவின் ஒயிலிலும் இதே சோதனை. இலையுதிர்காலத்தில் தண்ணீரை வடித்துக் குளிருக்கு யார் மூடினார்கள் என்று கேட்டு ரசீது வாங்கிப் பாருங்கள். "நானே செய்வேன்" என்பவர் எப்படிச் செய்வார் என்று விவரமாகச் சொன்னால் அதுவும் நல்லதுதான்.

உள்ளே போன உடனேயே எஞ்சின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் எடுக்கச் சிரமப்படும் எஞ்சினை உங்களுக்கு முன்பே ஓட்டி வைத்திருக்கலாம். வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

டிரைவுக்கும் பலகைக்கும் நடுவே உள்ள றபர் உறையை பெல்லோஸ் என்பார்கள். அது வெடித்தால் ஏரி படகுக்குள் வந்துவிடும். விரலால் மடிப்பை விரித்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக எப்போது மாற்றினார்கள், தண்ணீர்ப் பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரை எப்போது மாற்றினார்கள் என்றும் கேளுங்கள். புளோரிடாவிலிருந்து வந்த படகு என்றால் உப்பு, எக்சோஸ்ட் பகுதிகளை உள்ளிருந்தே தின்றிருக்கும். அதைக் கழற்றிக் காட்டாமல் வாங்கவேண்டாம். மிச்சிகன், ஒன்ராறியோ நன்னீர்ப் படகுக்கு அந்தத் தொல்லை இல்லை. மணிக்கணக்கு குறைவு என்று மயங்காதீர்கள். இருபது ஆண்டில் நூறு மணி ஓடியது என்றால் மிச்ச நேரம் முழுக்கச் சும்மா நின்று றபர் காய்ந்திருக்கிறது என்று பொருள்.

7. தண்ணீரில்

முற்றத்தில் குழாய் பூட்டி ஓட்டிக் காட்டுவது சோதனை ஆகாது. ஏரிக்குப் போகச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள். பெற்றோல் செலவை நீங்கள் கொடுங்கள். ஸ்டார்ட் எடுக்குமுன் காற்று விசிறியை நாலு நிமிடம் ஓடவிட வேண்டும், எஞ்சின் அறையில் பெற்றோல் ஆவி தேங்கியிருந்தால் வெளியேறும். விற்பவர் அதைச் செய்கிறாரா என்பதே அவர் படகைப் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடும்.

முழு வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று எடுக்கிறது என்று பாருங்கள். மெர்குரூசர் 3.0க்கு 4,400 முதல் 4,800. அதைத் தொடாமல் திணறினால் புரொபெல்லர் பொருத்தமில்லை, அல்லது எஞ்சின் தளர்ந்துவிட்டது, அல்லது படகு மிதக்கத் தரைக்கு அடியில் அடைத்த நுரைப்பஞ்சு தண்ணீர் குடித்துப் படகு கனத்துவிட்டது. இடம் வலம் இறுக்கித் திருப்பும்போது டிரைவ் பக்கத்திலிருந்து உறுமல் கேட்டால் பேரிங் போயிருக்கிறது. திரும்பி வந்ததும் எஞ்சின் மூடியைத் திறந்து அடியில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

8. காகிதமும் காசும்

இது சின்னப் பகுதி. கனடாவில் 10 குதிரைத்திறனும் அதற்கு மேலும் எஞ்சின் உள்ள படகுக்கு உரிம எண் வேண்டும், அது அணியத்தின் இரு பக்கமும் 7.5 சென்ரிமீற்றருக்குக் குறையாத எழுத்தில் இருக்கவேண்டும். உரிமத்தில் உள்ள ஹல் எண்ணும் பலகையில் உள்ளதும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். விற்பவர் பெயரில் படகின் மேல் கடன் பதிவாகியிருக்கிறதா என்று தேடிப்பாருங்கள். ட்ரெய்லருக்குத் தனி இலக்கத்தகடு, தனிக் காகிதம். அதன் டயரில் கடைசி நான்கு எண் செய்த வாரமும் ஆண்டும், 2315 என்றால் 2015இன் 23ஆம் வாரம். அப்படி இருந்தால் டயர் விலையைக் கழியுங்கள். ஓட்டுபவருக்கான அட்டையைப் படகு வாங்குமுன்பே பரீட்சை எழுதி எடுத்துவிடுங்கள்.

பெரிய தொகை என்றால் படகைப் பரிசோதித்து அறிக்கை தரும் அங்கீகாரம் பெற்ற சர்வேயரை வைத்துப் பாருங்கள். பழைய படகுக்குக் காப்புறுதி கொடுக்குமுன் சில கம்பனிகள் அந்த அறிக்கையைக் கேட்கும். நான் இரண்டாவது தடவை கூட்டிப் போனேன். நான் கவனிக்காமல் விட்ட பெல்லோஸ் வெடிப்பை அவர் காட்டினார். அதைச் சொல்லிக் குறைத்த விலை அவர் கூலியைவிட அதிகம். வாங்குவதற்கு செப்டெம்பர், ஒக்டோபர் நல்ல காலம், குளிர்கால வாடகை கட்ட மனமில்லாதவர்கள் இறங்கி வருவார்கள். ஆனால் ஏரி உறையுமுன் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

படகு வீட்டுக்கு வந்தபின் கடைசியாக ஒரு வேலை. அமரத்தின் அடியில் தண்ணீர் வடியும் துளைக்கு ஒரு சின்னப் பித்தளை அடைப்பு உண்டு. குளிர்காலத்தில் அதைக் கழற்றி வைப்பார்கள். விற்பவரிடம் அதைக் கையில் கேட்டு வாங்கி, வாகனத்தின் சாவிக்கொத்தோடு கோத்துவிடுங்கள். இறங்குதுறையில் பின்னால் பத்து வண்டி வரிசையில் நிற்க, அடைப்பு இல்லாமல் படகைத் தண்ணீரில் விட்டவர்களை நான் இதுவரை மூன்று பேர் பார்த்துவிட்டேன். அதில் ஒருவர் நான்.